டாக்குமென்ட்டாக அனுப்பும் படத்தோடு வீட்டு முகவரியும் போகிறது

பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பேனர் அடிக்கக் கொடுத்தால், "படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், குவாலிட்டி குறையாது" என்று கடையில் சொல்வார்கள். அது உண்மைதான். சாதாரணப் படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுகிறது. சுருக்கும்போது, படம் எடுக்கப்பட்ட இடத்தைக் குறிக்கும் விவரத்தையும் நீக்கிவிடுகிறது. டாக்குமென்ட்டாகவோ மின்னஞ்சலில் இணைத்தோ அனுப்பும்போது மூலக் கோப்பு அப்படியே போய்ச் சேருவதால், வரவேற்பறையில் எடுத்த குழந்தையின் படத்தோடு அந்த வீடு இருக்கும் இடமும் முன்பின் தெரியாத ஒருவரின் கணினியில் தங்கிவிடுகிறது.

லொகேஷன் அனுமதி பெற்ற கேமரா, ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் எக்ஸிஃப் என்னும் பகுதியில் தேதி, நேரம், ஃபோனின் மாடல் ஆகியவற்றோடு அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் பாகை, கலை, விகலைக் (டிகிரி, மினிட், செகண்ட்) கணக்கில் எழுதிவைக்கிறது. அட்சரேகையில் ஒரு விகலை என்பது தரையில் ஏறத்தாழ 31 மீட்டர். ஃபோனோ விகலையையும் தசமமாகப் பிரித்து எழுதுகிறது. திறந்த வெளியில் நின்று எடுத்த படமானால், தெருவை மட்டுமல்ல, வாசலையே அடையாளம் காண முடியும். 2012 டிசம்பரில், பெலீஸ் நாட்டிலிருந்து தப்பித் தலைமறைவாக இருந்த, மெக்கஃபி ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்கஃபி குவாத்தமாலாவில் இருப்பது வெளியானதும் இப்படித்தான்: அவரோடு இருந்த பத்திரிகையாளர்கள் வெளியிட்ட ஐஃபோன் படத்தில் அந்த இடத்தின் எண்கள் நீக்கப்படாமல் இருந்தன.

இனி எடுக்கும் படங்களுக்கு ஒரு முறை மாற்றி வைத்தால் போதும். ஐஃபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லொகேஷன் சர்வீசஸ் என்று வரிசையாகச் சென்று, கேமரா என்பதைத் தொட்டு 'நெவர்' என வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் கேமரா செயலியைத் திறந்து, அதன் செட்டிங்ஸில் 'லொகேஷன் டேக்ஸ்' அல்லது 'சேவ் லொகேஷன்' என்றிருப்பதை அணைக்க வேண்டும். பெயர் ஃபோனுக்கு ஃபோன் சற்று மாறும். பயணப் படங்களில் ஊர்ப்பெயர் இருக்கட்டும் என்று விரும்புவோர், வெளியூர் போகும்போது மட்டும் மறுபடி இயக்கிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே எடுத்துச் சேர்ந்துவிட்ட படங்களில்தான் கவனம் அதிகம் தேவை. அவற்றிலுள்ள இடக்குறிப்பை மொத்தமாக அழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. எந்த நாள் எங்கே இருந்தோம் என்பது நமக்கே பின்னாளில் பயன்படும். வெளியே அனுப்பும் நகலில் மட்டும் நீக்கினால் போதும். ஐஃபோனில் பகிரும் திரையின் மேலே உள்ள 'ஆப்ஷன்ஸ்' என்பதைத் தொட்டு, லொகேஷனை அணைத்துவிட்டு அனுப்பலாம். விண்டோஸ் கணினியில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் எனச் சென்றால் அடியில் 'ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பர்சனல் இன்ஃபர்மேஷன்' என்ற இணைப்பு இருக்கும். அதில் விவரங்கள் நீக்கிய ஒரு நகலை உருவாக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் மூலப் படத்துக்கு ஒன்றும் ஆகாது. மேக்கில் பிரிவ்யூவின் இன்ஸ்பெக்டரில், ஜிபிஎஸ் பகுதியிலேயே இடத்தை நீக்கும் பொத்தான் இருக்கிறது. அவசரத்துக்கு, படத்தைத் திரையில் விரித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பலாம். அந்தப் புதிய கோப்பில் பழைய இடக்குறிப்பு வராது, ஆனால் பேனருக்கு அந்தத் தரம் போதாது.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை பிறர் பார்க்கும் படத்திலிருந்து இந்த விவரத்தை நீக்குகின்றன. ஆனால் நாம் பதிவேற்றும் கோப்பிலேயே இடக்குறிப்பு இருந்தால், அது அந்த நிறுவனத்தின் கைக்குப் போவதை இந்த நீக்கம் தடுக்காது.

அனுப்புவதற்கு முன் அந்த நகலை ஒரு முறை கணினியில் திறந்து, டீடெய்ல்ஸ் பகுதியில் ஜிபிஎஸ் என்ற தலைப்பு இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். பேனர் அச்சாகி வந்ததும், கடையின் கணினியில் உள்ள கோப்பை உங்கள் கண்ணெதிரிலேயே அழித்துவிடச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.