வீட்டுக்கடனைக் காலத்துக்கு முன்பே அடைக்கச் செட்டிநாட்டுக் குடும்பங்களுக்குச் சில கணக்குகள்

செட்டிநாட்டில் வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை என்றுதான் பேசுவோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12 சதவீதம். இரண்டு ரூபாய் என்றால் 24 சதவீதம். அந்தக் கணக்கில் பார்த்தால், 8.5 சதவீதத்தில் வாங்கிய வீட்டுக்கடன் நூற்றுக்கு ஏறக்குறைய 71 காசு வட்டிதான். கேட்பதற்கு மிகக் குறைவாகத் தோன்றும் இந்த 71 காசு, இருபது ஆண்டு ஓடினால் வாங்கிய அசலையே மிஞ்சிவிடும் என்பது தவணை அட்டவணையைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர்களுக்கே புலப்படும்.

25 லட்சம் ரூபாயை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை 21,696 ரூபாய். முதல் மாதம் கட்டும் அந்தத் தொகையில் 17,708 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது; அசலில் கழிவது நாலாயிரத்துக்கும் சற்றுக் குறைவு. 240 தவணையும் கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 27 லட்சம் ஆகியிருக்கும். இதே கடனில் முதலாண்டு முடிவில் தவணைக்கு மேல் ஒரு லட்சம் ரூபாயை அசலில் கட்டினால், கடைசியில் 21 தவணைகள் குறைந்துவிடும். அதாவது ஒரு லட்சம் கட்டி, பின்னால் கட்ட வேண்டிய நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட தொகையைத் தவிர்க்கிறோம். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் குறைவது ஏழு தவணைதான். ஆகவே சிக்கனம் பிடிக்க வேண்டிய காலம் கடனின் முதல் ஐந்தாறு ஆண்டுகளே. "பிள்ளைகள் படிப்பு முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று தள்ளிப்போடுவது, வட்டி மிகுந்திருக்கும் காலத்தை அப்படியே வங்கிக்கு விட்டுக்கொடுப்பதாகும்.

மிச்சம் பிடித்த பணம் சேமிப்புக் கணக்கில் கிடந்தால், ஒரு கல்யாணத்திலோ ஒரு நகைக்கடை விளம்பரத்திலோ கரைந்துவிடுகிறது. எனவே இங்கே சொல்லப்படும் சிக்கன வழிகள் அனைத்தும், அந்தந்த மாத மிச்சம் அந்த மாதமே கடனின் அசலில் வரவாக வேண்டும் என்ற ஒரே நோக்கத்தைக் கொண்டவை. பெரும்பாலான வங்கிகள் அன்றாட நிலுவைக்கு வட்டி கணக்கிடுவதால், மாதக் கடைசி வரை காத்திருக்காமல் சம்பளம் வந்த வாரத்திலேயே கட்டிவிடுவது நல்லது.

பேரேட்டில் கடனுக்கு ஒரு பக்கம்

பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்த நம் முன்னோர் வீடுகளில் பேரேடு என்ற கணக்குப் புத்தகமும் ஐந்தொகை என்ற வரவு செலவு இருப்புக் கணக்கும் இல்லாமல் ஒரு காசு நகர்ந்ததில்லை. மணமான மகனைத் தனியே வேறு வைத்து, ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று அளந்து கொடுத்து, அதற்குள் குடித்தனம் நடத்தப் பழக்கிய வழக்கமும் இங்கே இருந்தது. அந்த வழக்கத்திலிருந்து நாம் இன்று எடுத்துக்கொள்ள வேண்டியது, ஆண்டுச் செலவை ஆண்டுத் தொடக்கத்திலேயே அளந்துவிடும் முறையாகும். மாத வரவு செலவுத் திட்டம் போடுபவர்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் மாதத்துக்குள் அடங்காத செலவுகளால்தான்: ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், வாகனக் காப்பீடு, வீட்டு வரி, தீபாவளி, குலதெய்வப் படைப்பு, பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டு மராமத்தில் நம் பங்கு. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்து, அந்தத் தொகையை மாதந்தோறும் தனி வைப்பில் போட்டு வந்தால், எந்த மாதமும் தவணைக்கு மேல் கட்டும் தொகையில் கை வைக்க வேண்டியிராது.

பேரேடு என்பது நாற்பது பக்க நோட்டாக இருந்தாலும் போதும். கைபேசியில் எழுதினாலும் குற்றமில்லை. ஒரு பக்கத்தை மட்டும் கடனுக்கென ஒதுக்கி, ஒவ்வொரு மாதமும் மூன்று எண்களை எழுதவேண்டும்: சென்ற மாத அசல் நிலுவை, இந்த மாதம் வட்டிக்குப் போனது, அசலில் கழிந்தது. வட்டி என்ற எண் மாதத்துக்கு மாதம் சுருங்குவதைப் பார்க்கும் வீட்டில், சிக்கனத்தை யாரும் யாருக்கும் நினைவூட்ட வேண்டிய தேவை இருப்பதில்லை. இந்தப் பக்கத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே பார்க்கவேண்டும்; மனைவி சிக்கனமாக இருக்க, கணவன் மட்டும் கணக்குத் தெரிந்தவராக இருக்கும் வீடுகளில் இரண்டு பேருக்கும் மனத்தாங்கல்தான் மிஞ்சுகிறது.

மேலே சொன்ன 25 லட்சக் கடனில், தொடக்கத்திலிருந்தே தவணையோடு மாதம் 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி வந்தால் கடன் 179 மாதங்களில், அதாவது பதினைந்து ஆண்டுக்குள் முடிந்துவிடும். வட்டியில் ஏறத்தாழ 7.9 லட்சம் மிஞ்சும். மாதம் கூடுதலாகக் கட்ட இயலாதவர்கள், போனசோ நிலுவைச் சம்பளமோ வரும்போது ஆண்டுக்கு ஒரு தவணை மட்டும் அதிகமாகக் கட்டினாலும் மூன்று ஆண்டுக்கு மேல் குறையும்.

மூவாயிரம் எங்கிருந்து வரும்

அடுப்படியிலிருந்து தொடங்கலாம். வருஷத்துச் சாமான் வாங்கி வைக்கும் பழக்கம் இப்பகுதி வீடுகளில் இன்னும் முழுவதும் அழிந்துவிடவில்லை. மாசி பங்குனியில் புதுப் புளி வரும்போது கொட்டை எடுத்ததாக வாங்கி, வெயிலில் காயவைத்து, உப்புச் சேர்த்து உருண்டை பிடித்துச் சாடியில் அடைத்துவிட்டால் அடுத்த பங்குனி வரை கடைப்பக்கம் போக வேண்டாம். மிளகாயும் மல்லியும் அதே பருவத்தில் மொத்தமாக எடுத்து, முற்றத்தில் இரண்டு மூன்று நாள் காயவைத்து, காம்பு கிள்ளி, மில்லில் கொடுத்து அரைத்துக்கொள்ளலாம். இருநூறு கிராம் பொட்டலங்களாக மாதாமாதம் மசாலாத்தூள் வாங்குவதற்கும் இதற்கும் விலையில் உள்ள வேறுபாட்டை ஓர் ஆண்டு எழுதி வைத்துப் பார்த்தால், அதன்பின் பொட்டலம் வாங்க மனம் வராது. புழுங்கலரிசியைப் புதுவயல் ஆலைகளிலிருந்து மூட்டையாக எடுப்பவர்கள், பழைய அரிசியா புதிய அரிசியா என்று கேட்டு, ஒரு படி வடித்துப் பார்த்த பின்பே மொத்தமாக எடுக்கவேண்டும். மலிவு என்று வாங்கிக் குழைந்துபோகும் அரிசி மலிவாகாது.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். மொத்தமாக வாங்குவதற்கான பணம் முன்பே சேர்த்ததாக இருக்கவேண்டுமே தவிர, கிரெடிட் கார்டில் வாங்கியதாக இருக்கக்கூடாது. வண்டு பிடிக்கும் பருப்பையும் ரவையையும் ஆண்டுக்குச் சேர்த்து வாங்குவதும் வேண்டாத வேலை.

நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றியும், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைத்துவருகின்றன. உரிய அட்டை இருந்தும் வரிசையில் நிற்பதைக் கௌரவக் குறைவாகக் கருதி வாங்காமல் விடுபவர்களைப் பார்க்கிறோம். இட்லிக்கும் பணியாரத்துக்கும் அந்த அரிசி தாராளமாகப் போதும். மின்கட்டணத்தில், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமன்றி முன்பகுதி யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும் என்பதால், கோடையில் நடுவே ஒருமுறை மீட்டரைப் பார்த்துக்கொள்வது பயன்தரும்.

அடுப்படியிலும் மின்சாரத்திலும் பிடிப்பதெல்லாம் ஆயிரம் ரூபாய் என்றால், விசேஷங்களில் பிடிக்கக்கூடியது அதைவிடப் பல மடங்கு. இங்கே பேசத் தயங்கும் பகுதியும் இதுதான். பெண் குழந்தைகளுக்கு எடுக்கும் திருவாதிரைப் புதுமை, கல்யாணம், மணிவிழா, புதுமனை புகுதல் என்று மார்கழி முதல் ஆவணி வரை அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். மொய்யும் சீரும் பலகாரமும் போக்குவரத்தும் சேர்ந்தால் ஆண்டுக்கு இரண்டு மூன்று தவணைத் தொகை போய்விடும். உறவை விடச் சொல்லவில்லை. முன்பு நமக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்ற மொய்நோட்டை எடுத்துவைத்து, திருப்பிச் செய்யவேண்டியதைக் கடனாகவே கருதிக் குறையாமல் செய்துவிடுங்கள். ஆனால் அதற்கு மேல் கூட்டிச் செய்வதை வீட்டுக்கடன் முடியும் வரை நிறுத்திவையுங்கள். நம் வீட்டு விசேஷத்துக்கு வெள்ளிப் பாத்திரமும் எவர்சில்வர் அடுக்கும் முறைச்சிட்டைப்படி (வழக்கமான சீர்வரிசைப் பட்டியல்படி) எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே போதும். முறைக்கு மேல் பரப்பி வைப்பது பார்ப்பவர்களுக்காகத்தான், பார்ப்பவர்களும் அதைச் சாப்பாட்டுப் பந்தி வரையில்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீட்டின் மராமத்து இன்னொரு தலைவலி. ஓடு மாற்றுவதும் நிலைக்கதவுக்கு எண்ணெய் பூசுவதும் தள்ளிப்போட்டால் செலவு பெருகும் என்பதால், அதைத் தவிர்க்கும்படி சொல்ல மாட்டேன். ஆனால் பங்குத்தொகையை ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்னதாகவே பங்காளிகள் கூடிப் பேசி நிர்ணயித்துக்கொண்டால், திடீரென்று ஐம்பதாயிரம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்பு இராது. புது வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதிப்பதும், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய தேக்குத் தூண் வாங்குவதும் அழகுதான். அவற்றைக் கடனை உயர்த்தி வாங்காமல், கடன் பாதியாகக் குறைந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

எதை முதலில் அடைப்பது

நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்குக் கைமாற்று வாங்கியிருக்கும்போது 71 காசுக் கடனை முன்கூட்டி அடைப்பது கணக்குக்கு ஒவ்வாது. கிரெடிட் கார்டு நிலுவை, கைமாற்று, தனிநபர் கடன், நகைக்கடன் என்று வட்டி மிகுந்ததை முதலில் முடித்துவிட்டு வீட்டுக்கடனுக்கு வரவேண்டும். நகையை அடகு வைத்து வீட்டுக்கடனில் கட்டுவதும் பெரும்பாலும் நட்டமே. அடுத்து, குடும்பச் செலவும் தவணையும் சேர்த்து ஆறு மாதத்துக்குரிய தொகை எப்போதும் வைப்பில் இருக்கவேண்டும். கையிருப்பை முழுவதும் அசலில் கட்டிவிட்டு, மருத்துவமனைச் செலவுக்குக் கந்துவட்டி வாங்கும் நிலை வரக்கூடாது. சம்பாதிப்பவர் பெயரில் கடன் தொகைக்குக் குறையாத டேர்ம் காப்பீடும் (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு) இருக்கவேண்டும். ஏலச்சீட்டுப் போட்டிருப்பவர்கள், பதிவு பெற்ற சீட்டாக இருந்தால் தொடரலாம். எடுக்கும் மாதத்தை முன்பே குறித்துவைத்து, அத்தொகையை நேரே அசலில் கட்டிவிடலாம்.

"கடன் இருந்தால் வருமான வரி மிச்சமாகும்" என்ற பேச்சை அளந்து பார்க்கவேண்டும். நாம் குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டிக்குப் பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. புதிய வரிமுறையில் அக்கழிவு இல்லை. பழைய முறையில் 30 சதவீத வரி கட்டுபவருக்குக்கூட, நூறு ரூபாய் வட்டி கட்டினால் திரும்ப மிஞ்சுவது முப்பது ரூபாய் சொச்சம்தான்.

வங்கியில் எழுதிக் கொடுக்கவேண்டியவை

தனிநபர் பெயரில் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிகளுக்கு இது 2012 முதலே நடைமுறையில் உள்ளது. நிலையான வட்டியில் வாங்கியவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவேண்டும். கூடுதல் பணம் கட்டும்போது, "இத்தொகையை அசலில் வரவு வைத்து, மாதத் தவணையை மாற்றாமல் தவணைக் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து, ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இப்படி எழுதித் தராவிட்டால், சில இடங்களில் தவணைத் தொகையைக் குறைத்துவிடுவார்கள், அல்லது அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வைத்துக்கொள்வார்கள். அடுத்த மாதக் கணக்கு அறிக்கையில் அசல் குறைந்திருக்கிறதா என்று பார்த்துப் பேரேட்டில் பதிந்த பிறகே அந்த வேலை முடிந்ததாகும்.

வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2025-ஆம் ஆண்டில் 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதமாகக் குறைந்தது. இப்படி வட்டி குறையும்போது தவணையைக் குறைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். நம் எடுத்துக்காட்டில் வட்டி தொடக்கத்திலேயே 8.5-லிருந்து 8 ஆகக் குறைந்தால் மாதம் 785 ரூபாய் மிஞ்சும். அதை மறந்துவிட்டுப் பழைய தவணையையே கட்டி வந்தால் 20 தவணைகள் குறையும். வங்கியே தன் செலவைக் கொண்டு நிர்ணயிக்கும் பழைய அடிப்படை விகிதத்திலோ எம்சிஎல்ஆர் முறையிலோ இன்னும் இருப்பவர்கள், ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். அதற்கான கட்டணத்தையும் மிஞ்சும் வட்டியையும் ஒப்பிட்டு முடிவு செய்யவேண்டும்.

கடைசித் தவணை கட்டியதும் நிலுவை இல்லைச் சான்றோடு வந்துவிடக்கூடாது. கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும் என்றும், வங்கியின் காரணமாகத் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டிருக்கிறது. கடன் வாங்கும்போது, மூலப்பத்திரத்தை அடமானமாக வங்கியிடம் கொடுத்ததற்கான பத்திர ஒப்படைப்பு ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால், வங்கி அலுவலரை அழைத்துச் சென்று கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்யவேண்டும். இரண்டு வாரம் கழித்து வில்லங்கச் சான்று போட்டு, அந்தப் பதிவு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, அதன் படியை மூலப்பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். சம்பளக் கணக்கில் தவணைக்கெனக் கொடுத்திருந்த தானியங்கிப் பிடித்தம் செய்யும் உத்தரவையும் அதே வாரத்தில் ரத்து செய்துவிடவேண்டும்.