வன்னியில் கேமிங் கணினி: திட்டத்தைச் சுவர்ப் பிளக்கில் இருந்து தொடங்குங்கள்

கேமிங் கணினி பொருத்துவது பற்றித் தேடினால் வழிகாட்டிகள் நிறையக் கிடைக்கும். கரண்ட் ஒழுங்காக வரும், அறை குளிராக இருக்கும், பழுதானால் கடை பக்கத்தில் இருக்கும் என்ற நினைப்பில்தான் அவற்றில் பெரும்பாலானவை எழுதப்பட்டிருக்கின்றன. கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ இருக்கும் ஒருவருக்கு இந்த மூன்றையும் நம்பித் திட்டம் போட முடியாது. பாகங்கள் பழசாகி ஓய்வதற்கு வெகு முன்பே இடியிலும் லோ வோல்டேஜிலும் புழுதியிலும் போய்விடும் கணினிகள் இங்கே உண்டு. ஆறேழு வருடம் உழைக்க வேண்டும் என்று நினைத்தால் பிராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் பிறகு பார்ப்போம். முதலில் கரண்ட்.

படி 1: வீட்டுக் கரண்டைச் சரிபாருங்கள்

சுவரில் மூன்று துளைப் பிளக் இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பிறகு கூட்டிக் கட்டிய அறைகளில் எர்த் வயர் பிளக்கோடு நின்றுவிடுவதுண்டு. பழைய கணினியின் கேசிங்கில் கை பட்டபோது எப்போதாவது சுள்ளென்று இருந்ததா? அது எர்த் இல்லாததன் அடையாளம். பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்றை எர்த் வழியாக நிலத்துக்கு அனுப்பும். போக வழி இல்லாவிட்டால் அது கேசிங்கின் இரும்பிலேயே நிற்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். அதையும் கோடையில் செய்வது நல்லது. மண் காய்ந்தால் எர்த்தின் தடை கூடும், அதனால் மாரியில் சரியாகக் காட்டும் எர்த் ஆடி மாதத்தில் போதாமல் போகலாம். ட்ரிப் சுவிட்சில் உள்ள டெஸ்ட் பட்டனையும் அன்றே அழுத்திப் பாருங்கள்.

அடுத்தது வோல்டேஜ். நமக்கு வரவேண்டியது 230 வோல்ட். டிரான்ஸ்போமரில் இருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அது இறங்கிவிடும். ஃபேன் மெதுவாகச் சுற்றத் தொடங்குவதில் இருந்தே தெரியும். இப்படிப்பட்ட வீட்டில் இருந்தால் பவர் சப்ளையின் லேபிளை வாசிக்காமல் வாங்க வேண்டாம். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருந்தால் வோல்டேஜ் 180க்கு இறங்கினாலும் அது தாங்கும். மலிவானவற்றில் 200 முதல் 240 வரை என்று போட்டிருக்கும். அவை லைனின் கடைசி வீட்டுக்குச் சரிவராது.

யூபிஎஸ் கட்டாயம் என்றுதான் சொல்வேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியது நினைவிருக்கும். அதற்கு ஈடுகொடுக்கும் யூபிஎஸ் வாங்கச் சொல்லவில்லை. கேமைச் சேமித்து, கணினியை ஒழுங்காக நிறுத்த ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். 650 விஏ என்று விற்கும் சிறிய யூபிஎஸ் உண்மையில் 360 முதல் 390 வாட் வரைதான் தரும். கேம் ஓடும்போது கணினியும் மொனிட்டரும் சேர்ந்தே அந்த அளவை எட்டிவிடும். 1000 அல்லது 1200 விஏ பாருங்கள். வோல்டேஜைத் தானே சரிசெய்யும் ஏவிஆர் அதில் இருக்கட்டும். காசு இடம் கொடுத்தால் தூய சைன் அலை (லைன் கரண்ட் போலவே சீராக ஏறி இறங்கும் அலை) தருவதை எடுங்கள். மலிவான யூபிஎஸ்கள் பட்டரிக்கு மாறும் கணத்தில் சில நல்ல பவர் சப்ளைகள் நின்றுவிடும். யூபிஎஸ் பட்டரி நம் வெக்கையில் இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும், மாற்றும் செலவைத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

இடிக்கு யூபிஎஸ் மருந்து இல்லை. பங்குனி, சித்திரை மாதங்களின் பின்னேர இடியும் ஐப்பசி, கார்த்திகை இடியும் வரும்போது சுவரில் இருந்து பிளக்கைக் கழற்றுவதுதான் ஒரே வழி. இன்டர்நெட் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சிக்னலுக்காக உயரத்தில் அன்டெனா கட்டி, அதில் இருந்து ரௌட்டருக்கும் ரௌட்டரில் இருந்து கணினிக்கும் கேபிள் இழுத்திருந்தால், மின்னல் மதர்போர்டுக்கு வர நேரான பாதை கிடைத்துவிடும். அப்படியான வீட்டில் வைஃபை பாவிப்பது பாதுகாப்பு. கருகிய அடையாளம் உள்ள பாகத்துக்கு வாரண்டி கிடையாது என்று கடைகள் பில்லிலேயே அச்சிட்டிருப்பதையும் கவனியுங்கள்.

படி 2: மொனிட்டரை முடிவு செய்யுங்கள்

கிராஃபிக்ஸ் கார்ட் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதை மொனிட்டர்தான் தீர்மானிக்கிறது. 1920×1080 திரையில் விளையாடினால் நடுத்தரக் கார்டே வருடக்கணக்கில் போதும். 2560×1440 என்றால் புள்ளிகள் ஏறக்குறைய 1.8 மடங்கு, கார்டும் அதற்கேற்ப வேண்டும். 4கே பக்கம் போக வேண்டாம். நீண்ட காலத் திட்டத்தை அதுபோல் வேகமாகத் தின்பது வேறில்லை.

வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவைதான் உங்கள் விளையாட்டு என்றால் 1080 திரையும் 144 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிப்பது) அல்லது அதற்கு மேலான வேகமும் போதும். கதை சொல்லும் பெரிய கேம்கள்தான் விருப்பம் என்றால் 1440 நல்ல முதலீடு. மொனிட்டர் இரண்டு மூன்று கார்டுகளைக் கடந்து நிற்கும் பொருள்.

படி 3: மதர்போர்டும் பிராசசரும்

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மூன்று நான்கு வருடம் கழித்து இதே போர்டில் இதைவிட நல்ல பிராசசரைப் போட முடியுமா?

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) இதற்கு நல்ல உதாரணம். 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய பல போர்டுகளில், பயாஸை (போர்டில் உள்ள அடிப்படை மென்பொருளை) புதுப்பித்துவிட்டு, 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் போட முடிந்தது. போர்டும் ரேமும் அப்படியே இருக்க, கேமுக்கான வேகம் மட்டும் பெரிதாகத் தாவியது. அதற்குப் பின் 2022 செப்டெம்பரில் வந்தது ஏஎம்5. 2027 வரையாவது இந்தச் சாக்கெட்டுக்கு ஆதரவு தருவோம் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட் 12, 13, 14ஆம் தலைமுறைகளோடு முடிந்து, 2024 ஒக்டோபரில் வேறு சாக்கெட் வந்துவிட்டது. இன்டெல் பிராசசர் வேகத்தில் குறைந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் போர்டை வைத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும் என்ற நம் கணக்குக்கு ஏஎம்5 பொருந்துகிறது.

அதனால் பி650 அல்லது பி850 வகைப் போர்ட் ஒன்றோடு ஆறு கோர் ரைசன் 5 7600 போன்றதில் தொடங்கலாம். எட்டு கோரில் இப்போதே காசைப் போடத் தேவையில்லை. போர்டில் பார்க்க வேண்டியவை: எஸ்எஸ்டி குத்தும் எம்.2 துளை குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், பிராசசருக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதியின் மேல் நல்ல ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் துண்டு) இருக்க வேண்டும், பிராசசர் இல்லாமலே பென் டிரைவில் இருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் இருந்தால் இன்னும் நல்லது.

படி 4: கிராஃபிக்ஸ் கார்ட்

காசில் பெரிய பங்கு போவது இதற்குத்தான். வேகம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிகிற கேள்வி. நீண்ட நாள் பாவனைக்கு வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

ஒன்று, கார்டில் உள்ள நினைவகம். 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070இல் 8 ஜிபி. சில மாதம் கழித்து அதைவிட வேகம் குறைந்த ஆர்டிஎக்ஸ் 3060 வந்தது, அதில் 12 ஜிபி. அன்றைக்கு 3070தான் எல்லாவற்றிலும் முன்னுக்கு. இன்றைக்குப் பெரிய கேம்களில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) உயர்த்தி வைத்தால் 8 ஜிபி நிரம்பி, வேகமான கார்டே திக்கித் திணறுகிறது. காரணம் தெளிவு. 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5இலும் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸிலும் 16 ஜிபி நினைவகம் இருக்கிறது, பெரிய கேம்கள் அவற்றை மனதில் வைத்தே செய்யப்படுகின்றன. வருடக்கணக்கில் வைத்திருக்க நினைத்தால் 12க்குக் கீழே இறங்க வேண்டாம், 16 கிடைத்தால் எடுங்கள்.

ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. கடையில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் விலை குறைந்த 8 ஜிபியைத்தான் சொல்வார்கள். “16 ஜிபியா அண்ணா?” என்று கேளுங்கள், பில்லிலும் அதை எழுதச் சொல்லுங்கள். கை இறுக்கமானால் 12 ஜிபி உள்ள இன்டெல் ஆர்க் பி580 இருக்கிறது. கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே தடவையில் அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதியைப் பயாஸில் போட்டால்தான் அது சரியாக ஓடும்.

இரண்டாவது கேள்வி, கார்ட் எந்தத் தலைமுறை என்பது. 2017இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐ ஓர் அருமையான கார்ட், 11 ஜிபி நினைவகம். ஆனால் 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள் கேமுக்கு ரே டிரேசிங் (ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டுக் காட்டும்) வன்பொருள் கட்டாயம்; அது 1080 டிஐயில் இல்லை. வலு இருந்தும் வாசலில் நிற்க வேண்டியதுதான். மலிவாகக் கிடைக்கிறது என்று மிகப் பழைய கார்ட் வாங்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

படி 5: ரேம், எஸ்எஸ்டி

ரேமை இரண்டு குச்சிகளாக வாங்குங்கள், 16 ஜிபி இரண்டு. டிடிஆர்5இல் நான்கு குச்சி போட்டால் வேகம் இறங்குவது வழக்கம், அதனால் பிறகு இன்னும் இரண்டு சேர்க்கலாம் என்று திட்டமிட வேண்டாம். செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் தேவையால் 2025 கடைசி மாதங்களில் ரேம் விலை கடுமையாக ஏறியது. விலை எட்டாவிட்டால் 16 ஜிபியோடு தொடங்கி, பிறகு அதைக் கொடுத்துவிட்டு 32க்கு மாறலாம்.

எஸ்எஸ்டி ஒரு டிபி என்விஎம்இ (எம்.2 துளையில் குத்தும் வேகமான வகை). பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டும் காலம் இது. நம் பகுதியில் அதைவிடப் பெரிய தலைவலி டேட்டா. இரவு டேட்டாவில் இறக்குவது ஒரு வழி. இன்னொரு வழி, ஃபைபர் உள்ள வவுனியா நண்பர் ஒருவரின் ஸ்டீமில் (கேம் வாங்கி இறக்கும் செயலி) அந்தக் கேம் இருந்தால் ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறையில் இருந்து வெளி டிஸ்க்கில் கொப்பி பண்ணி வந்து, உங்கள் கணக்கில் வாங்கிய கேமோடு சேர்ப்பது. ஸ்டீம் சரிபார்த்துவிட்டுக் குறைகிற பகுதியை மட்டும் இறக்கும். ஒரே வைஃபையில் இரண்டு கணினிகள் இருந்தால் 2023 முதல் ஸ்டீமே நேரடியாக ஒன்றில் இருந்து மற்றதற்கு மாற்றித் தருகிறது.

படி 6: பவர் சப்ளை

650 முதல் 750 வாட், 80 பிளஸ் கோல்ட், பத்து வருட வாரண்டி உள்ள மொடல். 80 பிளஸ் என்பது கரண்டை எவ்வளவு வீணாக்காமல் பாவிக்கிறது என்பதற்கான சான்று மட்டுமே. பாதுகாப்புக்கான சான்றாக அதை எடுக்க வேண்டாம். கேசிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளையை எந்தக் காரணத்துக்காகவும் பொருத்த வேண்டாம்.

படி 7: வெக்கையும் புழுதியும்

வெளிநாட்டு விமர்சனங்களில் கார்ட் 68 பாகை என்று போட்டிருந்தால் அது 22 பாகை அறையில் அளந்ததாக இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே பகல் 35 பாகை என்றால் அதே கார்ட் 80ஐத் தாண்டும். அதனால் முன்பக்கம் கண்ணாடி போட்ட கேசிங் நமக்கு வேண்டாம், வலை போட்டதை எடுங்கள். முன்னால் காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன் இரண்டு மூன்று, பின்னால் வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று. உள்ளே வரும் காற்று கூடுதலாக இருந்தால் இடுக்குகளால் காற்று வெளியேதான் போகும், செம்மண் புழுதி ஃபில்டரில் பிடிபடும். சோளகம் அடிக்கும் மாதங்களில் அந்த ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். பின்பக்கம் திறந்து கிடக்கும் துளைகளுக்கு மூடி போடுங்கள், எறும்பும் பல்லியும் அவ்வழியேதான் உள்ளே போகும்.

பிராசசருக்குத் தண்ணீர்க் கூலர் அழகுதான். என்றாலும் பம்ப் நின்றால் அதை மாற்றக் கொழும்புக்குப் போக வேண்டும். காற்றுக் கூலரில் பழுதாவது ஃபேன் மட்டுமே, 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றை எங்கேயும் வாங்கலாம்.

படி 8: வாங்குவதும் கொண்டுவருவதும்

விலை ஒப்பிடுவதற்குக் கொழும்பு நல்லது. ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் வாரண்டிக்கு யார் பொறுப்பு, பொருளை எங்கே கொடுக்க வேண்டும், பஸ்ஸில் அனுப்பினால் ஏற்பார்களா என்பதைக் காசு கொடுக்கும் முன் கேளுங்கள். வித்தியாசம் சிறியது என்றால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ வாங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது. பில்லில் தொடர் இலக்கங்கள் இருக்க வேண்டும்.

பொருத்திய கணினியை ஏ9 வழியாகக் கொண்டுவருவதானால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே வையுங்கள். பஸ் குலுக்கத்தில் தொங்கும் கார்ட் மதர்போர்டின் துளையை உடைத்துவிடும்.

வீட்டுக்கு வந்த அன்றே சோதனை தொடங்கட்டும். மொனிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டில் குத்தியிருக்கிறதா, விண்டோஸ் அமைப்பில் திரை 60இல் நிற்காமல் 144 ஹேர்ட்ஸில் இருக்கிறதா, பயாஸில் ரேமின் எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடட்டும். பிறகு பகல் வெக்கையில் பாரமான கேம் ஒன்றை இரண்டு மணித்தியாலம் விளையாடி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். பிழை இருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்தால்தான் கடையோடு பேசுவது சுலபம்.

படி 9: அடுத்த வருடங்களுக்கான தாள்

எதை எப்போது மாற்றுவது என்று இப்போதே ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாம் மூன்றாம் வருடத்தில் யூபிஎஸ் பட்டரி. இடம் நிரம்பும்போது இரண்டாவது எஸ்எஸ்டி. நான்காம் வருடம் அளவில் கார்ட், அதுவும் நீங்கள் விளையாடும் கேம் உண்மையிலேயே திணறினால் மட்டும். அதற்கு முன், படத்தைக் குறைந்த புள்ளிகளில் வரைந்து பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆரைப் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு பிராசசர், ஏஎம்5இன் கடைசி நல்ல மொடல்கள் பழசாகி விலை இறங்கும் நேரத்தில். பயாஸைப் பழைய பிராசசர் இருக்கும்போதே புதுப்பித்துவிட்டுத்தான் அதைக் கழற்ற வேண்டும். பெட்டிகளையும் பில்களையும் எறிய வேண்டாம், பழைய கார்டை விற்கும்போது பெட்டியோடு கொடுத்தால் விலை கூடக் கிடைக்கும்.