யுகடான் கடற்கரை வானிலை: பலர் செய்யும் தவறுகள்

மெக்சிகோவின் யுகடான் தீபகற்பத்தில் இருக்கும் கான்குன், துலும் பக்கம் போகத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் தேடுவது மாதவாரி வெப்பநிலை அட்டவணையை. அதில் சராசரி ஆண்டு முழுக்க சுமார் 24 முதல் 29 டிகிரிக்குள் சமர்த்தாக நிற்கும். அதை மட்டும் நம்பி டிக்கெட் எடுப்பதுதான் முதல் தவறு. இந்தக் கரையில் ஒரு நாளின் தலையெழுத்து பெரும்பாலும் காற்றின் கையில்.

டிசம்பர், ஜனவரியில் மழைக்காலம் முடிந்திருக்கும். புயல் பருவமும் நவம்பர் 30-ஓடு சரி. ஆனால் 'நோர்தே' வருவது அப்போதுதான். வட அமெரிக்கச் சமவெளியிலிருந்து கிளம்பும் குளிர்காற்று, மெக்சிகோ வளைகுடாவைத் தாண்டி வாடையாக வந்து மோதும். வழியில் மறிக்க மலை கிடையாது. வடகரையின் புரோக்ரேசோ துறைமுகத்தில் அது வரும் நாளன்று காலை தெற்கிலிருந்து வெக்கைக் காற்று, வேர்த்துக் கொட்டும். பிறகு வடக்கே அடிவானத்தில் ஒரு கருங்கோடு. அது நெருங்கியதும் காற்று சட்டென்று திரும்பும், மணல் கெண்டைக்காலில் ஊசியாகக் குத்தும். சிறு படகுகளுக்குத் துறைமுகத்தை மூடிவிடுவார்கள். இரவில் 16 டிகிரி ஆனாலே ஊர்க்காரர்கள் 'எலாதேஸ்' (குளிர்) என்று சொல்லி ஸ்வெட்டரைத் தேடுவார்கள். தணிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதனால் படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு ஒத்திப்போடாதீர்கள்.

மழைக்காலம் என்றாலே நாள் முழுக்கக் கொட்டும் என்று பயப்படுவதும் தேவையில்லை. பெரும்பாலும் மாலையில் அடித்துப் பெய்துவிட்டு ஓய்ந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் 'கனிகுலா' என்ற இடைவறட்சி வேறு உண்டு. அந்த மாதங்களில் தொல்லை தருவது சர்காசம் என்ற கடற்பாசிதான். கிழக்குக் காற்று அதைக் கரையில் குவிக்கும், அழுகினால் முட்டை நாற்றம். கோசுமெல் தீவின் மேற்குக் கரை பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

புயல் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். 'எத்தனாவது வகை?' என்று கேட்டு நிறுத்திவிடுகிறோம். ஒன்று முதல் ஐந்து வரையான அந்த எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்லும், மழையைச் சொல்லாது. 2005 அக்டோபரில் வில்மா 24 மணி நேரத்துக்குள் சாதாரணப் புயலிலிருந்து ஐந்தாம் வகையாக வளர்ந்தது. கரைக்கு வந்தபோது வேகம் குறைந்திருந்தது. ஆனால் நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. இஸ்லா முஹேரெஸ் தீவில் ஒரே நாளில் 1,600 மி.மீ.க்கு மேல் மழை.

புயல் எச்சரிக்கை நிறங்களில்தான் வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பச்சை என்றால் ஆபத்தில்லை என்று நினைத்துக் கடலில் இறங்கிவிடுவார்கள். மெக்சிகோவில் நீலம்தான் ஆகக் கீழ்ப்படி, பச்சை அதற்கு மேல். பிறகு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. புயல் விலகும்போதும் இதே நிறங்கள் இறங்குவரிசையில் வரும். ஆகவே நிறத்தோடு, புயல் நெருங்குகிறதா விலகுகிறதா என்பதையும் அறிவிப்பில் பாருங்கள்.