மிஞ்சிய தக்காளியை உலர் தக்காளியாக்கி விற்பது: முதல்முறை இறங்குபவர்களுக்கு

தோட்டத்துத் தக்காளி மொத்தமும் ஒரே வாரத்தில் பழுத்து, வாங்க ஆளில்லாமல் கூடை கூடையாகக் கனிந்துபோன பிறகுதான் நான் மதிப்புக்கூட்டும் வேலையில் இறங்கினேன். இப்படி இறங்கும் பலரும் முதலில் சாஸ் பக்கம் போகிறார்கள். என்னைக் கேட்டால் உலர்த்துவதில் தொடங்குங்கள் என்பேன். சாஸ் பாட்டிலின் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் கூடக்கூடப் புளிப்பு குறைவு) 4.6க்கு மேல் போனால், காற்றில்லாத அந்த இடத்தில் போட்யூலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர வழி இருக்கிறது. தக்காளியோ அந்தக் கோட்டை ஒட்டியே நிற்கும் பழம், ஆகவே ஒவ்வொரு பேட்சையும் அளந்தாக வேண்டும். உலர் தக்காளிக்கு அந்தக் கவலை இல்லை, தண்ணீர் முழுதாக வெளியேறினால் போதும். அந்த ‘முழுதாக’ என்ற இடத்தில்தான் நான் சறுக்கினேன்.

படி 1: எடை போடுங்கள்

தக்காளியில் 100க்கு 94 பங்கு தண்ணீர். 20 கிலோவைக் கழுவி, காம்பும் கெட்ட பகுதியும் நீக்கி உலர்த்தினால் ஒன்றேகால் கிலோ தேறுவதே கஷ்டம். முதல்முறை அந்தச் சின்னக் குவியலைப் பார்த்து, யாராவது எடுத்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். விலை போடும்போது தக்காளிக்குச் சும்மா கிடைத்தது என்று பூஜ்யம் போடாதீர்கள். பழமாக விற்றிருந்தால் என்ன வந்திருக்குமோ அதைப் போடுங்கள். உங்கள் கூலியையும் சேர்த்துத்தான். கழுவ, நறுக்க, தட்டில் அடுக்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று நோட்டில் எழுதி வையுங்கள். கணினியில் போட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் ஈரக் கையோடு நிற்பவருக்கு நோட்டும் பென்சிலுமே வசதி.

படி 2: நறுக்குதல்

அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம், எல்லா வில்லையும் ஒரே கனம். சதைப்பற்றுள்ள ரகம் நல்லது. அவ்வளவுதான்.

படி 3: உலர்த்துதல்

60 டிகிரி செல்சியஸ். டிரையரின் (உலர்த்தும் மெஷின்) திருகில் எழுதியிருப்பதை நம்பாமல், தட்டுக்கு நடுவே தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள். இந்தக் கனத்துக்குச் சுமார் 8 முதல் 12 மணி நேரம் ஆகும். பெரிய டிரையர் வாங்க இப்போதே ஓடாதீர்கள். முதலில் வாங்க வேண்டியது ஒரு கிராம் வரை காட்டும் தராசு.

நான் செய்த தப்பு இங்கேதான். சீக்கிரம் முடிக்கலாம் என்று சூட்டை 80க்கு ஏற்றினேன். நாலைந்து மணி நேரத்தில் வில்லைகள் மொறுமொறுவென்று ஆகிவிட்டன. சரி, முடிந்தது என்று ஆறியும் ஆறாமலும் பாக்கெட் போட்டேன். மூன்றாவது வாரம் ஒரு பாக்கெட்டில் வெள்ளையாகப் பூசணம். சூடு அதிகமானால் மேல்தோல் சட்டென்று இறுகிவிடுகிறது, உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லை. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஈரம் பதுங்கியிருக்கும். அதோடு சூடாக அடைத்தால் பாக்கெட்டுக்குள் வியர்த்தும் விடும்.

அதனால் இப்போது கையை நம்புவதில்லை. ஒரு தட்டில் சரியாக 1000 கிராம் வில்லை வைத்து அதை மட்டும் அடிக்கடி எடை போடுகிறேன். 94 பங்கு தண்ணீர் என்றால் கெட்டிப்பொருள் 60 கிராம். பத்து சத ஈரம் மிச்சம் இருக்கும் நிலையில் தட்டைக் கழித்து வில்லைகளின் எடை 67 கிராம் அளவில் நிற்க வேண்டும். சதைப்பற்றான ரகத்துக்கு இது கொஞ்சம் கூடும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

படி 4: பாக்கெட் போடும் முன் காத்திருங்கள்

இதைத்தான் பலர் தாண்டிவிடுகிறார்கள். நன்றாக ஆறவிட்டு, கண்ணாடி ஜாடியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி மூடி வையுங்கள். 7 முதல் 10 நாள் வரை தினமும் ஒருமுறை குலுக்குங்கள். ஒரு வில்லையில் தங்கிய ஈரம் மற்றவற்றுக்குப் பரவிச் சமமாகும். ஜாடியின் உள்சுவரில் ஒரு துளி தண்ணீர் தெரிந்தாலும் மொத்தத்தையும் திரும்ப டிரையரில் போடுங்கள். பூசணம் தெரிந்தால் அந்த ஜாடி குப்பைக்கு. பொறுக்கி எடுத்து மிச்சத்தை விற்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

படி 5: பாக்கெட், லேபிள்

வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும். எனவே எனக்கு உட்புறம் அலுமினியத் தாள் பதித்த பைதான் பிடிக்கும். பொருள் கண்ணில் படாவிட்டால் வாங்க மாட்டார்கள் என்று வாதாடும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு, ஒரு கண்ணாடிக் குப்பியில் மாதிரி வைத்துக் காட்டுங்கள் என்பேன். லேபிளில் எடை, தயாரித்த தேதி, பேட்ச் எண் இருக்கட்டும். அந்தப் பூசணம் பிடித்த சமயத்தில் பேட்ச் எண் போடாததால், விற்ற பாக்கெட் எல்லாவற்றையும் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. எண் இருந்திருந்தால் ஒரு நாள் சரக்கோடு போயிருக்கும். உரிமம், லேபிள் விதிகளை உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் முதல் விற்பனைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: எண்ணெயில் ஊறப்போட்டு, கூடவே பச்சைப் பூண்டும் சேர்த்து விற்கலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வேண்டாம். பூண்டில் புளிப்பில்லை, ஈரம் உண்டு, எண்ணெய் காற்றை அடைத்துவிடும். மேலே சாஸுக்குச் சொன்ன அதே ஆபத்து அப்படியே திரும்பி வரும்.

இன்னொருவர், மழைக்காலத்தில் பாக்கெட் போட்டு முடிப்பதற்குள் வில்லைகள் நமுத்துப்போவதாக எழுதியிருந்தார். எனக்கும் நடந்தது. இப்போது ஜாடிகளை ஒவ்வொன்றாகத்தான் திறக்கிறேன். ஒன்றைக் கட்டி முடித்து ஒட்டிய பிறகே அடுத்ததன் மூடியில் கை வைப்பது.