பிள்ளை ஏஎஃப்எல் வரை போக ஆசைப்பட்டால்: மெல்பேர்ண் பெற்றோருக்குச் சில வழிகள்

ஆஸ்திரேலியக் கால்பந்தின் உச்ச லீக்கான ஏஎஃப்எல்லின் கழகங்கள் ஆண்டுதோறும் நவம்பரில் டிராஃப்ட் என்ற வீரர் தெரிவு வைத்துப் புது வீரர்களை எடுக்கின்றன. அந்த ஆண்டு டிசம்பர் 31க்குள் 18 வயதாகும் பிள்ளை அதற்குப் பெயர் கொடுக்கலாம். நாடு முழுவதிலுமிருந்து எடுபடுவது 60, 70 பேர் அளவில்தான். இதைக் கேட்டதும் சில பெற்றோர் எட்டு வயதிலேயே தனிப் பயிற்சியாளரைத் தேடி ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். நான் டண்டினோங் பக்கம் ஒரு சிறுவர் கழகத்தில் அணி மேலாளராக நெடுநாளாய் நிற்கிறேன். என் பிள்ளைகளும் அங்கேதான் விளையாடி வளர்ந்தார்கள். எங்கே அவசரப்பட வேண்டும், எங்கே கூடாது என்று அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

சின்ன வயதில் ஓஸ்கிக் என்கிற சிறுவர் பயிற்சித் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். மகளென்றாலும் அதே இடம்தான். 2017 முதல் பெண்களுக்கும் ஏஎஃப்எல்டபிள்யூ என்ற லீக் இருக்கிறது. விதிகள் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பக்கத்துக்கு 18 பேர். நடுவில் நிற்கும் இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையால் உதைத்தால் 6 புள்ளி, ஓரக் கம்பத்துக்கும் உயரக் கம்பத்துக்கும் இடையால் போனால் 1. மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்க விளங்கிவிடும். கோடையில் கிரிக்கெட்டையோ கூடைப்பந்தையோ நிறுத்தாதீர்கள். கொலிங்வுட் கழகத்தின் ஸ்கொட் பெண்டில்பரி இளவயதில் கூடைப்பந்து வீரர். 2005 டிராஃப்டில் 5ஆவதாக எடுபட்டு, 400 ஆட்டங்களுக்கு மேல் ஆடிவிட்டார். நெரிசலுக்குள் நின்று அவர் பதறாமல் பந்து கொடுப்பதைப் பாருங்கள், அந்தக் கூடைப்பந்துப் பழக்கம் தெரியும்.

அவசரம் காட்ட வேண்டிய இடம் உதை. ட்ரொப் பண்ட் என்கிற அந்த ஒரு உதையைச் சரியாகப் பழகாமல் இந்த விளையாட்டில் மேலே போக முடியாது. நீள்வட்டப் பந்தை நிமிர்த்தி, இரண்டு பக்கமும் விரல்களை விரித்துப் பிடிக்க வேண்டும். உதைக்கிற காலின் தொடைக்கு நேராகப் பந்து இருக்கட்டும். வலது காலால் உதைக்கும்போது இடது கை முதலில் விலகும். வலது கை பந்தைக் கீழே கொண்டுபோய் விடும். தூக்கிப் போடக் கூடாது, சரியவிடவும் கூடாது. கால்விரல் நீட்டியிருக்க, சப்பாத்தின் கயிறு கட்டிய மேல்பகுதி பந்தின் கீழ் முனையில் பட வேண்டும். சரியாகப் பட்டால் பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டு நேராகப் போகும். கோணலாகச் சுழன்றால் காலைக் குறை சொல்லாதீர்கள், கையைப் பாருங்கள். தவறு அநேகமாகப் பந்தை விடுகிற விதத்தில்தான் இருக்கும். பத்து மீட்டரில் நின்று ஒருவருக்கொருவர் நெஞ்சுக்கு உதைத்துப் பழகினால் போதும். தூரம் உடம்பு வளரும்போது வரும்.

அப்புறம், மற்றக் கால். எதிராளிகள் உங்கள் பிள்ளையைப் பலமில்லாத பக்கத்துக்கே தள்ளுவார்கள். இரண்டு காலாலும் உதைக்கிற பிள்ளைக்கு அந்த நேரத்தில் வழி அடைபடாது. பத்து வயதில் இது இலகுவாகப் படியும், பதினாறில் மிகவும் கஷ்டம்.

பிள்ளையை இறக்கிவிட்டுப் போகிற பெற்றோராக இருக்காதீர்கள். கோல் நடுவருக்குக் கொடி பிடிக்க, தண்ணீர் கொண்டு ஓட, நேரம் பார்க்க, தோடம்பழம் வெட்ட, சாசேஜ் சுட என்று ஞாயிறு காலையில் கழகத்துக்கு எப்போதும் ஆள் தேவை. அங்கே நின்று கதைக்கும்போதுதான் எந்த வட்டாரத் தெரிவு எப்போது நடக்கிறது என்ற விவரம் காதில் விழும். பல்கவசம் இல்லாமல் பயிற்சிக்குக்கூட விடாதீர்கள். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று தெரிந்தால், சமூக மட்ட விதிப்படி மறுபடி ஆடக் குறைந்தது 21 நாள் பொறுக்க வேண்டும். இறுதியாட்டமாக இருந்தாலும் சரி, பிள்ளை அழுதாலும் சரி, அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதினைந்து வயதளவில் உண்மையான படி தொடங்குகிறது. விக்டோரியாவில் 18 வயதுக்குட்பட்டோருக்கான டேலண்ட் லீக் இருக்கிறது. எங்கள் பக்கத்துக்கு டண்டினோங் ஸ்டிங்ரேஸ், வேறிடங்களில் ஓக்லி சார்ஜர்ஸ், வெஸ்டர்ன் ஜெட்ஸ் என்று வட்டார வாரியாக அணிகள். எங்கள் சனம் பலருக்குத் தெரியாத இன்னொரு வாசலும் உண்டு. தாயோ தகப்பனோ ஆசியாவில் பிறந்திருந்தால், ஏஎஃப்எல் கழகங்கள் நடத்தும் நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமியில் சேரப் பிள்ளைக்குத் தகுதி இருக்கலாம். ஒவ்வொரு கழகத்துக்கும் தனித்தனிப் பிரதேசம் என்பதால், உங்கள் இடம் யாருடையது என்று முதலிலேயே விசாரியுங்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ பிறந்த பெற்றோர் இதைக் கேட்கக் கூச்சப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. சூடானில் பிறந்த மஜக் டாவ் 2013இல் நோர்த் மெல்பேர்ணுக்கு ஆடினார். லெபனான் குடும்பத்துப் பிள்ளையான பஷார் ஹூலி ரிச்மண்டுடன் மூன்று கோப்பை வென்றார். எங்கள் பிள்ளைகளுக்கும் அங்கே இடமுண்டு.

டிராஃப்டுக்கு முன் 20 மீட்டர் ஓட்டம், நின்றும் ஓடியும் பாய்தல், 2 கிலோமீட்டர் ஓட்டம் எல்லாம் அளப்பார்கள். 2 கிலோமீட்டரை மட்டும் கடைசி நேரத்தில் தயார்படுத்த முடியாது. முந்தின கோடையிலேயே தொடங்கட்டும்.

பன்னிரண்டாம் வகுப்பும் பெரும்பாலும் அதே ஆண்டில்தான் வரும். விக்டோரியாவின் பள்ளி இறுதித் தேர்வான விசிஇ பரீட்சை ஒக்டோபர் கடைசியில், டிராஃப்ட் நவம்பரில். இரண்டில் ஒன்றை விடச் சொல்லாதீர்கள். ஆண்டின் தொடக்கத்திலேயே பாடசாலையோடும் பயிற்சியாளரோடும் சேர்ந்து இருந்து நேர அட்டவணை போடுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களை இரண்டு ஆண்டுகளில் பிரித்து எழுதவும் வழியுண்டு. எடுபட்டாலும் புதியவருக்கு முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டுதான். முழங்கால் தசைநார் ஒன்று அறுந்தால் அதில் ஓராண்டு போய்விடும். எடுக்கிற கழகம் பேர்த்திலோ பிரிஸ்பேனிலோ இருந்தால் பிள்ளை அங்கே குடிபோக வேண்டும். ஆகவே சோறு வைக்க, உடுப்புத் துவைக்க, காசுக் கணக்குப் பார்க்க 16 வயதிலேயே பழக்கிவிடுங்கள்.

டிராஃப்டில் பெயர் கூப்பிடவில்லை என்றால், ஒரு கிழமை அழட்டும். அப்புறம் ஏஎஃப்எல்லுக்கு அடுத்த மட்டமான விஎஃப்எல்லின் கழகமொன்றுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கோடைப் பயிற்சிக்கு வரலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். 2019 முதல் பருவத்தின் நடுவிலும் ஒரு டிராஃப்ட் நடக்கிறது. மார்லியன் பிக்கெட்டை ரிச்மண்ட் அந்த ஆண்டு அதில்தான் எடுத்தது. அவருடைய முதல் ஏஎஃப்எல் ஆட்டம் அதே ஆண்டு இறுதியாட்டம், அப்போது வயது 27. கழகத்துக்கு அழைக்கும்போது பேச வேண்டியது பிள்ளை, நீங்கள் அல்ல.