விற்பனை விவரமே இல்லாத தொழிலுக்கு நிதி மதிப்பீடு போடுவது எப்படி?

புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குப் பழைய கணக்கு இருக்காது. அதனால் பலரும் முதல் ஆண்டு விற்பனையை உத்தேசமாக ஒரு தொகையாக எழுதிவிட்டு, செலவை அதற்கேற்ப அமைத்துவிடுகிறார்கள். விற்பனைத் தொகையை விட்டுவிட்டு விற்கும் பொருளின் ஒரே ஒரு அலகின் (எண்ணெய் என்றால் ஒரு லிட்டரின்) கணக்கிலிருந்து தொடங்குவதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து. மரச்செக்கு நிலக்கடலை எண்ணெயை எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

100 கிலோ நிலக்கடலைப் பருப்பு, கிலோ 120 ரூபாய் வீதம் 12,000 ரூபாய். அதில் 40 கிலோ எண்ணெய் இறங்கினால், லிட்டருக்குச் சுமார் 910 கிராம் என்ற எடைப்படி அது 44 லிட்டர். புண்ணாக்கு 55 கிலோவை 40 ரூபாய்க்கு விற்றால் 2,200 ரூபாய் திரும்பி வரும். ஆக, லிட்டருக்கு மூலப்பொருள் 223 ரூபாய். பாட்டில், மின்சாரம் 20 ரூபாய். கடைக்கு 280 ரூபாய்க்குக் கொடுத்தால் 37 ரூபாய் மிஞ்சும். வாடகை, சம்பளம், கடன் தவணை எல்லாம் சேர்ந்து மாதம் 60,000 ரூபாய் என்றால், கட்டுபடியாக மாதம் சுமார் 1,620 லிட்டர் விற்க வேண்டும்.

இனி ஒவ்வொரு எண்ணையும் சற்றே அசைத்துப் பாருங்கள். எண்ணெய் 40 கிலோவுக்குப் பதில் 37 கிலோ இறங்கி, புண்ணாக்கு 58 கிலோ ஆனால், மிச்சம் 22 ரூபாயாகச் சுருங்கி, தேவையான விற்பனை சுமார் 2,730 லிட்டராக ஏறிவிடும். அதற்கு 26 வேலை நாள்களில் தினமும் 258 கிலோ பருப்பு ஆட்ட வேண்டும். ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு தடவைக்கு, 15 கிலோ போடும் செக்கில் அது சுமார் 17 ஈடு. ஈட்டுக்கு ஒரு மணி நேரம் பிடித்தால் ஒரு செக்கு போதாது என்பதும், அதன் விலையும் திட்டத்தில் சேர வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியவரும்.

ஆகவே இந்தத் தொழிலைத் தூக்கி நிறுத்தவும் கவிழ்க்கவும் வல்ல எண்களில் ஒன்று எண்ணெய் இறங்கும் அளவு. அதை ஊகிக்கத் தேவையில்லை. நீங்கள் வாங்கப்போகும் அதே வியாபாரியிடம் ஒரு மூட்டை பருப்பு வாங்கி, கூலிக்கு ஆட்டும் செக்கில் கொடுத்து, பக்கத்திலேயே நின்று எடை போடுங்கள். பாட்டில் விலை போன்ற சில்லறை எண்களுக்கு ஒரு தொலைபேசி விசாரிப்பே போதும்.

விற்பனை அளவுக்கு மூன்று எண்கள் எழுதுங்கள்: குறைந்தது 800, பெரும்பாலும் 1,500, அதிகபட்சம் 2,500 லிட்டர். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 1,550 வரும். 1,620-ஐ அது எட்டவில்லை என்பதால், வாடகையைக் குறைக்கவோ நேரடி விற்பனையைக் கூட்டவோ இப்போதே வழி தேட வேண்டும். கடைக்காரரிடம் ‘வாங்குவீர்களா’ என்று கேட்டால் மரியாதைக்காகவாவது ‘சரி’ என்பார்; பத்து பாட்டில் கொடுத்துக் காசு கேட்டால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

கடைசியாக, கைமுதல். பருப்புக்கு ரொக்கம் கொடுத்துவிட்டு, கடைகளிடம் ஒரு மாதம் கழித்துப் பணம் வாங்குவீர்கள். சிறு தொழில்களுக்கு வங்கிகள் பின்பற்றும், ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழுவின் முறைப்படி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனம், அதாவது தொழிலை அன்றாடம் ஓட்டத் தேவையான பணம். விற்பனையில் 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 5 சதவீதம் உங்கள் பங்கு. மாதம் 1,620 லிட்டர் என்றால் ஆண்டு விற்பனை சுமார் 54.4 லட்சம், உங்கள் பங்கு சுமார் 2.7 லட்சம். தொடக்கத்தில் 800 லிட்டர்தான் போகும் என்றால் மாதம் 30,400 ரூபாய் கையைக் கடிக்கும். குறைந்தது ஆறு மாதத்துக்கான அந்தத் தொகையையும் திட்டச் செலவிலேயே காட்டிக் கடன் கேளுங்கள்.