கோபுரம் இல்லாத விமான நிலையத்தில் பனிக்கால ஓடுபாதை: வண்டி ஓட்டுபவர் கடைப்பிடிக்க வேண்டியவை

கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள சிறு விமான நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி தரவோ, விமானம் வருகிறது, விலகு என்று தடுக்கவோ ஆள் இல்லாத அந்த இடங்களில், பனி அகற்றும் வண்டியின் ஓட்டுநரும் விமானியும் ஒரே அலைவரிசையில் ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டும், கண்ணால் பார்த்தும்தான் விலகிக்கொள்ள வேண்டும். பனிக்காலத்தில் வண்டி ஓடுபாதையில் நிற்கும் நேரம் கூடுகிறது. பார்வைத் தூரமோ குறைந்துவிடுகிறது. இந்த வேலையைப் புதிதாக ஏற்பவர்களுக்காக இக்குறிப்புகள் எழுதப்படுகின்றன.

முதலில் மனத்தில் பதிய வேண்டியது, சொல்லப்பட்ட வருகை நேரத்தை நம்பி ஓடுபாதையில் இருக்கக் கூடாது என்பது. 1978 பிப்ரவரி 11 அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிரான்புரூக் விமான நிலையத்தில், பனி பெய்துகொண்டிருந்தபோது, பசிபிக் வெஸ்டர்ன் நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று எதிர்பார்க்கப்பட்ட நேரத்துக்குச் சுமார் 10 நிமிடம் முன்னதாகவே வந்து தரையைத் தொட்டது. பனி கூட்டும் வண்டி அப்போதும் ஓடுபாதையில் இருந்தது. அதைக் கண்ட விமானிகள், வேகத்தைக் குறைக்க எதிர்த்திசை உந்துவிசையை இயக்கிய பிறகும், மீண்டும் மேலெழும்ப முயன்றார்கள். அந்த அமைப்பு ஒரு பக்கத்தில் முழுமையாக மூடிக்கொள்ளாததால் விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. அதில் இருந்த 49 பேரில் 43 பேர் இறந்தார்கள். வண்டியின் மீது விமானம் மோதவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வண்டி அங்கே இருந்ததே போதுமாயிற்று.

வேலையைத் தொடங்குமுன் வண்டியின் கூரையிலுள்ள மஞ்சள் சுழல்விளக்கின் மேல் படிந்த பனியைத் துடைத்துவிட வேண்டும். உறைந்த பனிக்குள் சுழலும் விளக்கு தூரத்திலிருந்து தெரியாது. ரேடியோவில் பேசுவது மட்டும் சோதனையாகாது. யாராவது பதில் சொல்லி, அது தெளிவாகக் காதில் விழுந்தால்தான் சோதனை முடிந்தது. கைரேடியோ ஒன்றையும் உடன் வைத்திருப்பது நல்லது; குளிரில் பேட்டரி விரைவில் இறங்கிவிடும் என்பதால் அதைக் கோட்டின் உள்பையில் வைக்க வேண்டும். அடுத்ததாக, ஓடுபாதையில் வேலை நடப்பதை, விமானிகளுக்கு அதிகாரபூர்வமாக வெளியிடப்படும் நோட்டம் (NOTAM) அறிவிப்பாக வெளியிடச் செய்ய வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் இறங்கும் நாளிலும், மறுமுனை தெரியாத அளவுக்குப் பனி பெய்யும் நாளிலும், வெறுமனே "வண்டிகள் உள்ளன" என்று அறிவிப்பதைவிட ஓடுபாதையையே மூடிவிடுவது மேல் என்பது என் கருத்து. ஒரு மணி நேரம் மூடியதற்காகக் குறைபட்டுக்கொள்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள்.

ரேடியோ அறிவிப்பில் விமான நிலையத்தின் பெயர், எந்த வண்டி, எந்த ஓடுபாதை, என்ன வேலை, மீண்டும் விமான நிலையத்தின் பெயர் என்ற வரிசை இருக்க வேண்டும். அக்கம்பக்கத்து நிலையங்கள் பல ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துவதால்தான் பெயரை இருமுறை சொல்கிறார்கள். உள்ளே நுழையும்போதும் முழுமையாக வெளியேறிய பிறகும் அறிவிப்பது கட்டாயம். ஆனால், அறிவித்துவிட்டோம் என்ற நிம்மதி ஆபத்தானது. அமெரிக்காவில் இத்தகைய நிலையங்கள் பலவற்றில் விமானத்துக்கு ரேடியோ இருந்தே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. இருந்தாலும் விமானி தவறான அலைவரிசையில் பேசிக்கொண்டிருக்கலாம். எனவே ஓடுபாதையின் ஒவ்வொரு முனையிலும் வண்டியைத் திருப்பும்போது, இரு திசை வானத்தையும் நிதானமாகப் பார்த்த பிறகே அடுத்த ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். காற்றின் திசையை வைத்து, விமானம் இந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இரவில் இன்னொரு தடயம் உண்டு. பல சிறு நிலையங்களில் ஓடுபாதை விளக்குகளை விமானியே வானிலிருந்து எரியவைக்கிறார்: ரேடியோவின் பேசும் பொத்தானை 5 நொடிக்குள் 3, 5 அல்லது 7 முறை அழுத்தினால் அதற்கேற்ற பிரகாசத்தில் விளக்குகள் எரிந்து, 15 நிமிடம் நீடிக்கும். அந்த அழுத்தல்கள் அதே அலைவரிசையில் இருக்கும் வண்டியின் ரேடியோவிலும் பேச்சற்ற "டக் டக்" ஒலியாகக் கேட்கும். அந்த ஒலி கேட்டாலோ, விளக்குகள் தாமாக எரிந்தாலோ, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தவை திடீரெனப் பிரகாசம் மாறினாலோ, யாரும் பேசக் காத்திராமல் வெளியேறிவிட வேண்டும்.

வெளியேறுவதற்கு வழி இருக்க வேண்டுமே! ஆகையால், நடுப்பகுதியைத் தள்ளத் தொடங்குமுன் வெளியேறும் இணைப்புப் பாதைகளின் வாயைத் திறந்துவைப்பது அவசியம். ஓடுபாதையின் ஓரமாகத் தள்ளிய பனி அந்த வாயில் வரப்பாகக் குவிந்து, அவசர நேரத்தில் நம் வண்டியையே அடைத்துவிடும். முன்செல்லும் வண்டி கிளப்பும் பனித்தூளில் எதுவும் தெரியாமற்போனால், இருந்த இடத்தை ரேடியோவில் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும். பின்னால் வருபவர் எப்போதும் நிற்கத்தக்க இடைவெளி விட்டே ஓட்ட வேண்டும்.

ஓடுபாதைக்கு முன்னால் தரையில் வரைந்த மஞ்சள் நிறுத்தக் கோடுகள் பனிக்கு அடியில் மறைந்திருக்கும். சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துள்ள பலகையே அப்போது எல்லை. அதன் முகத்திலுள்ள பனியையும் அவ்வப்போது தட்டிவிட வேண்டும். நீல ஓரவிளக்குகள் இணைப்புப் பாதைக்குரியவை, வெள்ளை ஓரவிளக்குகள் ஓடுபாதைக்குரியவை.

சாலைக்குப் போடும் உப்பு விமானத்தின் உலோகத்தை அரிக்கும் என்பதால் அதை இங்கே பயன்படுத்தக் கூடாது. பொட்டாசியம் அசிட்டேட் போன்ற பனி உருக்கும் வேதிப்பொருள்களும், இதற்கென நிர்ணயித்த பருமனுள்ள மணலுமே ஏற்றவை. கம்பித் துடைப்பம் பூட்டிய வண்டியானால், உதிர்ந்த எஃகு இழைகள் தரையில் கிடக்கின்றனவா என்று கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும், அவை என்ஜினுக்குள் போகலாம்.

வேலை முடிந்ததும் தளத்தின் நிலையை அறிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 2016 முதல் நடைமுறையிலுள்ள முறைப்படி, தார் அல்லது கான்கிரீட் ஓடுபாதையை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தரையின் பிடிமானத்தைக் காட்ட 6 முதல் 0 வரை ஓர் எண் தருகிறார்கள். உலர்ந்த தளம் 6, இறுகிய பனி, வெப்பநிலை மைனஸ் 15 டிகிரி செல்சியசோ அதற்கும் கீழோ இருந்தால் 4, அதைவிட மிதமானால் 3, பனிக்கட்டி 1, ஈரமான பனிக்கட்டி 0. காலையில் 4 என்று எழுதியது வெயில் ஏறியதும் பொய்யாகிவிடும் என்பதால், வெப்பநிலை மாறும்போதெல்லாம் மீண்டும் சென்று பார்த்து எண்ணைத் திருத்த வேண்டும். எல்லா வண்டிகளும் வெளியே வந்துவிட்டனவா என்பதை நேரில் எண்ணிப் பார்த்த பிறகே பழைய நோட்டத்தை நீக்கச் சொல்ல வேண்டும்.